ஓடும் வீட்டின் அங்கணம்



நாஞ்சில் நாட்டில் பாத்திரம் கழுவும் இடத்தை அங்கணம் என்று சொல்வோம். பழைய வீடுகளில் அடுக்களையின் ஒரு மூலையில் தரையைச் சற்றே தாழ்த்திக் கல் பாவி, சுவரில் ஒரு துளையிட்டு, நீர் புறத்தே ஓடும்படி அமைத்திருப்பார்கள். அவ்வாறு ஓடிய நீர் வாழைக்கோ தென்னைக்கோ போய்ச் சேரும். காய்கறித் தோலும் சோற்றுப் பருக்கையும் அங்கணத்தில் விழ விடமாட்டார்கள். அவை மாட்டின் கழுநீர்ப் பானைக்கோ கொல்லையில் உள்ள எருக்குழிக்கோ போகும். இவ்வளவு எளிய ஒன்றைப் பற்றி வானொலியில் பேச வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சக்கரத்தின்மேல் ஓடுகின்ற வீட்டிலும் இப்பொழுது அங்கணம் வந்துவிட்டது. அந்த அங்கணத்தின் அடியில் கழிவை அரைக்கும் பொறி ஒன்றைப் பொருத்தலாமா, கூடாதா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் என் பழைய மாணவர் ஒருவர். சுற்றுலா வண்டி ஓட்டிப் பிழைப்பவர். கன்னியாகுமரிக்கு வருவோரைத் திருவனந்தபுரம், திற்பரப்பு, திருச்செந்தூர் என்று அழைத்துச் சென்று காட்டுவது அவர் தொழில். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்ததிலிருந்து அவருக்கும் ஓர் ஆசை பிறந்தது. கேரவன் என்றால் நம் ஊரில் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் பலருக்கும் நினைவு வரும். படுக்கை, அடுக்களை, குளியலறை ஆகிய மூன்றையும் தன்னுள் கொண்ட வீடு அது. சாலையில் ஓடுகிறது என்பது ஒன்றே வேறுபாடு. அவர் வங்கியில் கடன் வாங்கி, வண்டியின் அடிச்சட்டத்தை வாங்கி, கரூரில் பாடி கட்டக் கொடுத்திருந்தார்.

ஒரு மார்கழி மாலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். “சார், சிங்குக்கு அடியில் கழிவரைக்கும் மிஷின் வைக்கலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். வெளிநாட்டு வண்டிகளில் அது இருக்கிறதாம். விலையும் கொஞ்சம் அதிகம். வேண்டுமா, வேண்டாமா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்” என்றார். வாத்தியாரிடம் ஒரே சொல்லில் விடை கேட்பது பயனற்ற முயற்சி என்பதை அவர் பள்ளியிலேயே கற்றிருக்க வேண்டும். ஆயினும் அவர் நிலை எனக்குப் புரிந்தது. கடன் வாங்கிய பணத்தில் ஒவ்வொரு ரூபாயும் எண்ணிச் செலவிட வேண்டியது. பொறியை வைக்காவிட்டால் வண்டி நாகரிகக் குறைவாகத் தோன்றுமோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது.

முதலில் அப்பொறி எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் ரசீன் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் இதனை உருவாக்கினார். 1935இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். நம்மில் பலர் இதனுள் மிக்சியில் இருப்பதுபோலக் கூரிய கத்திகள் இருப்பதாக எண்ணுகின்றனர். அது தவறு. கழுவுதொட்டியின் துளைக்கு நேர் கீழே ஓர் உருளையும், அதன் அடியில் விரைந்து சுழலும் ஒரு வட்டத் தட்டும் உண்டு. தட்டின்மேல் மொட்டையான இரண்டு உலோகத் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். விழுந்த கழிவைச் சுழற்சி வெளிப்புறமாக வீசி எறிய, அத்துண்டுகள் அதனை உருளையின் சுவரில் உள்ள சுரசுரப்பான வளையத்தோடு மோதித் தேய்க்கும். பூந்துருவியில் தேங்காயைத் தேய்ப்பது போன்ற வேலைதான். பொடியானது சிறு துளைகள் வழியே நீரோடு கலந்து குழாயில் இறங்கிவிடும்.

எனவே, நீர் இல்லாமல் இப்பொறி பயன்படாது. அரைப்பதற்கு முன்னும், அரைக்கும்போதும், அரைத்த பின்னும் குழாயைத் திறந்துவைக்க வேண்டும். பொறி செய்வது அரைத்தல் மட்டுமே. அரைத்ததைக் கொண்டுபோய் எங்கோ சேர்க்கும் வேலையை நீர்தான் செய்கிறது. அந்த ‘எங்கோ’ என்பது எது என்று கேட்க வேண்டும் என்றேன். மாணவர் தலையைச் சொறிந்தார். “தொட்டிக்குத்தான் சார்” என்றார்.

ஆம், தொட்டிக்குத்தான். கேரவனின் அடியில் கழுநீர் சேர்வதற்கென ஒரு தொட்டி உண்டு. எடுத்துக்காட்டாக அதன் கொள்ளளவு 100 லிட்டர் என்று கொள்வோம். நால்வர் கை கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் சிக்கனமாக நாளொன்றுக்கு 40 லிட்டர் செலவிட்டால், தொட்டி இரண்டரை நாள் தாங்கும். பொறியை வைத்தால் என்ன ஆகும்? குழாயில் நிமிடத்திற்கு 6 லிட்டர் நீர் வரட்டும். ஒரு முறைக்கு முக்கால் நிமிடம் என்றால் நாலரை லிட்டர். மூன்று வேளைக்கும் பதின்மூன்றரை லிட்டர். இரண்டு நாள் முழுமையாகச் செல்லுமுன்பே தொட்டி நிரம்பிவிடும். அந்நீரும் வண்டியிலேயே சுமந்து செல்லும் நல்ல நீரிலிருந்து எடுப்பதல்லவா? ஒரு கைப்பிடித் தோலை அகற்ற நாலரை லிட்டர் குடிநீர்!

மின்சாரத்தைப் பற்றியும் அவர் கவலைப்பட்டார். அந்தக் கவலை வேண்டாத ஒன்று. நியாயமாகப் பேச வேண்டுமல்லவா? அரைக் குதிரைத்திறன் கொண்ட பொறி ஏறத்தாழ 500 வாட் மின்சாரம் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து அதனை எடுத்தால் 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். எண்ணைக் கேட்டால் அச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஓடுவது அரை நிமிடமே. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு அரைமணி நேரம் எரியச் செலவாகும் மின்சாரத்திற்கு மேல் அதற்குச் செலவில்லை. பொறி கிளம்பும் கணத்தில் மட்டும் மின்னோட்டம் பன்மடங்கு எழும். அதனைத் தாங்கும் இன்வெர்ட்டர் இருந்தால் போதும். ஆகவே, மின்சாரத்தைக் காரணம் காட்டி இப்பொறியை மறுப்பவர் சரியான காரணத்தைச் சொல்பவர் அல்லர்.

சரியான காரணத்தை நான் நூலில் படித்து அறியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நேரில் கண்டேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகன், “மாமாவையும் அத்தையையும் மூணாறு அழைத்துப்போகிறேன்” என்று கேரவன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினான். மருமகன் என்றது என் தங்கையின் மகனை. அந்த வண்டியில் இத்தகைய பொறி இருந்தது. அதன் உரிமையாளருக்கு அதில் மிகுந்த பெருமை. முதல் நாள் காலையில் என் மனைவி சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அங்கணத்துக்குப் பல் முளைத்திருக்கிறது” என்றாள். எல்லோரும் சிரித்தோம். மரச்சீனிக்கிழங்கின் தோல், வெங்காயத் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தன. இரண்டாம் நாள் முருங்கைக்காய்ச் சக்கையைப் போட்டதும் உறுமல் நின்றது. நாரெல்லாம் தட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டது. பொறியைச் செய்வோரே நார் மிகுந்த பொருள்களை இடலாகாது என்றுதான் எச்சரிக்கின்றனர். வாழைப்பூவும் முருங்கையும் தேங்காய்க் குடுமியும் இல்லாமல் நம் அடுக்களை ஏது? மருமகன் மின்சாரத்தை நிறுத்தி, இடுக்கி கொண்டு ஒவ்வொரு நாராக இழுத்தெடுத்தான்.

அதுவும் பெரிதன்று. தொட்டியின் கதைதான் பெரிது. வீட்டில் இருக்கும் குழாய் சாய்வாக இருக்கும். நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் பொடியானது தங்காமல் போய்விடும். வண்டியின் தொட்டியோ தட்டையானது, ஆழமற்றது. நீரைவிடக் கனமான துகள்கள் அடியில் படிந்து சேறாகின்றன. எண்ணெயும் நெய்யும் மேலே மிதந்து சுவரில் ஒட்டுகின்றன. நிரம்பிய அளவைக் காட்டும் உணரிகளின்மேல் அழுக்குப் பூசிக்கொண்டதால், இரண்டாம் நாள் காலையிலேயே விளக்கு ‘நிரம்பியது’ என்று காட்டத் தொடங்கிவிட்டது. அது மெய்யா பொய்யா என்று ஓட்டுநருக்கும் தெரியவில்லை.

பிறகு நாற்றம். இங்கே உங்கள் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் காய்த்துண்டின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஆயிரம் துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். பொருள் அதுவே, நுண்ணுயிர்கள் கைவைக்கும் பரப்போ பத்து மடங்கு. மூடிய தொட்டியில் காற்று புகாத நிலையில் அவை வேலை செய்யும்போது அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுகிறது. அந்த நாற்றம் மேலே வராமலிருக்கக் குழாயில் ஒரு வளைவு வைத்து, அதில் சிறிது நீரை எப்பொழுதும் நிறுத்தியிருப்பார்கள். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி குலுங்கக் குலுங்க அந்த நீர் அலம்பிப்போய்விட்டது. அதன்பின் அந்த வண்டிக்குள் ஏலக்காய்த் தேநீர் குடித்தவர்களின் நிலையை நான் வருணிக்கப் போவதில்லை.

மூணாற்றில் தங்கிய இடத்தில் தொட்டியைக் காலிசெய்ய இடம் கேட்டோம். காவலர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வெறும் கழுநீராக இருந்தால் விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். மேலைநாடுகளில் வண்டிகள் தங்கும் முகாம்களில் தொட்டியைக் காலிசெய்வதற்கென்றே கழிவுக் குழாயோடு இணைந்த நிலையங்கள் அமைத்திருக்கிறார்கள். நாங்கள் சென்ற வழியில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லை. போடி வழியே இறங்கி, மதுரையும் திருநெல்வேலியும் கடந்து, தொட்டியைச் சுமந்துகொண்டே வந்தோம். மூன்றாம் நாள் இரவு ஆரல்வாய்மொழியைத் தாண்டித் தோவாளைப் பக்கம் வந்தபோது, ஓட்டுநர் ஒரு சானலின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். நான் கைவிளக்கோடு இறங்கினேன். அவர் குனிந்து வால்வைத் திறந்தார். கறுத்த சேறு குளகுளவென்று நீரில் விழுந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இரவு நேரம், மனைவி உறங்குகிறாள், பயணம் முடியப்போகிறது என்று காரணங்கள் இருந்தன. முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நீரின் தூய்மையைப் பற்றிப் பாடம் நடத்தியவன் கைவிளக்கை அணைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

நம் நாட்டுச் சானல்களின் சிறப்பை நீங்கள் அறிவீர்கள். கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் சானல் சானலாகப் பிரிந்து, வயலுக்கு வயல், குளத்துக்குக் குளம் என்று ஓடி வருகிறது. அப்படிப்பட்ட குளங்களுள் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் நீர்ப்பறவைகளுக்குப் புகலிடமாக விளங்குவதால், பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அரைத்த உணவு அத்தகைய நீரில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகும். பெருகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவிடும். மீன் மூச்சுத் திணறும். தோலாக விழுந்திருந்தால் ஒரு சிறுவன் குச்சியால் எடுத்துக் கரையில் போட்டிருக்கலாம். அரைத்துவிட்ட பிறகு அதனை யார் பொறுக்கி எடுப்பது?

இதனையெல்லாம் கேட்ட மாணவர், “அப்படியானால் கண்டுபிடித்தவன் முட்டாளா சார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. முட்டாள் அல்லன். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் செல்லும் பெருங்கப்பல்களை நினைத்துப் பாருங்கள். அவையும் ஓடும் வீடுகளே. அவற்றில் பலவற்றில் கழிவரைக்கும் பொறிகள் உண்டு, இருப்பது நன்றே. கப்பல்களால் கடல் மாசுறுவதைத் தடுக்கும் மார்ப்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பொதுவான கடற்பகுதிகளில், 25 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் புகும் அளவுக்கு அரைத்த உணவுக் கழிவை, கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கையில் விடலாம். அரைக்காததை விட வேண்டுமானால் 12 கடல் மைல் தள்ளிப் போக வேண்டும். அத்தனை பெரிய கடலுக்கே இத்தனை கட்டுப்பாடு!

நியூயார்க் நகரத்தின் கதை வேறு. மழைநீரும் சாக்கடை நீரும் ஒரே குழாயில் ஓடிய பகுதிகளில், பெருமழையின்போது கழிவு அப்படியே ஆற்றில் கலந்துவிடும் என்று அஞ்சி, அந்நகரின் பெரும்பகுதியில் வீடுகளில் இப்பொறியை நெடுங்காலம் தடைசெய்து வைத்திருந்தனர். பின்னர்ச் சில கட்டடங்களில் சோதனை நடத்திப் பார்த்து, 1997இல் தடையை நீக்கினர். குழாயின் மறுமுனையில் சுத்திகரிப்பு நிலையம் இருந்து, அங்கே சேற்றிலிருந்து எரிவாயு எடுக்கும் வசதியும் இருந்தால், பொறி நல்ல வேலைக்காரன். வண்டியில் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது? இரண்டு முழம் கீழே, நீங்கள் படுத்து உறங்கும் கட்டிலுக்கு அடியில்!

குமரிக்கு இது முற்றிலும் புதிய சிக்கலும் அன்று. கார்த்திகை முதல் தை வரை சபரிமலைப் பருவத்தில், சமையற்காரரையும் அடுப்பையும் பாத்திரங்களையும் உடன் ஏற்றிக்கொண்டு வரும் பேருந்துகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாலையோரத்தில் நிறுத்திச் சமைத்து, உண்டு, புறப்பட்டுவிடுவார்கள். காலையில் அவ்விடத்தைப் பார்க்கச் சகிக்காது. என் சிறு வயதில் சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்கு மாட்டுவண்டியில் போனபோது நாங்களும் மூன்று கல் கூட்டிச் சமைத்தவர்களே. இலையை மாடு தின்றது. சாம்பல் பாத்திரம் தேய்க்க உதவியது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நெகிழிப் பை இல்லாத காலம் அது; கூட்டமும் குறைவு.

மாணவர் விடவில்லை. “பொறி வேண்டாம் என்றால் வாளிதான் வைக்க வேண்டும். இந்த வெயிலில் வாளி நாறாதா சார்? பணம் கொடுத்து வருபவர்கள் முகம் சுளிப்பார்களே” என்றார். அதனையும் எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். வாளி நாறுவதற்குக் காரணம் கழிவில் உள்ள ஈரம். ஈரத்தை அகற்றினால் நாற்றம் பெரிதும் குறையும். எங்கள் வீட்டு எருக்குழியில் நான் செய்வதையே அவருக்குச் சொன்னேன். சிங்கின் வாயில் கண் நெருங்கிய வடிதட்டு ஒன்றை வைத்து, நீர் வடிந்த பிறகு கழிவை இறுக மூடும் வாளியில் இட வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கைப்பிடி தென்னைநார்த் தூளைத் தூவ வேண்டும். நம் மாவட்டத்துக் கயிற்றுத் தொழிற்சாலைகளின் ஓரத்தில் குன்றுபோலக் குவிந்திருக்கிறதே, அதே தூள்தான். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. மூணாற்றுப் பயணத்தில் பொறி நின்றபின் நாங்கள் ஐவரும் சேர்த்த கழிவு நாளொன்றுக்கு ஒரு சிறு வாளிக்கு மேல் வரவில்லை. தூள் தூவிய வாளி இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும். போகும் ஊரில் உள்ளாட்சித் தூய்மைப் பணியாளரிடம் அதனைக் கொடுக்கலாம். தென்னந்தோப்புக்காரர் எவரும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். மைய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் கழிவைத் தனியே பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றும், தெருவிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ எறியலாகாது என்றும் விதித்தன. வாளியில் இருப்பதைப் பிரித்துக் கொடுக்க முடியும். தொட்டியில் கரைந்ததை எப்படிப் பிரிப்பது?

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்துக் கரூருக்குப் பேசினார். பட்டறையில் அதற்குள் சிங்கின் அடிப்பலகையில் பொறிக்கென்று வட்டமாகத் துளை வெட்டிவிட்டார்களாம். “பரவாயில்லை, விட்டுவிடுங்கள்” என்றார். வெறும் கழுநீருக்கு இன்னும் இடம் தேட வேண்டியிருக்கிறது. தாம் வழக்கமாக வண்டி நிறுத்தும் விடுதிக்காரர் ஒருவரிடம் அவருடைய வாழைத்தோட்டத்து வாய்க்காலைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சோப்பு நீர் வாழைக்கு ஆகுமா என்று விடுதிக்காரர் என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். சாம்பலும் சீயக்காயும் கொண்டு தேய்த்தால் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் விடை வரவில்லை.

வண்டி தை மாதத்தில் வந்து சேர்ந்தது. முதல் ஓட்டத்துக்கு முன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பலகையில் வெட்டிய அந்த வட்டத் துளையில் மூடியிட்ட சிறு வாளி ஒன்று அளவெடுத்தாற்போல இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தென்னைநார்த் தூள். என் மனைவி வாளியைத் தூக்கிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, “கைப்பிடி கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்” என்றாள்.